போனுக்கு மிச்சம் போதும்

சார்ஜர் வாங்கப் போன கடையில் நான் ஒரு பொய் சொன்னேன். வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். தலையிடி என்று சொல்லி வேலைக்கு லீவு எடுத்திருக்கிறேன், சேலையின் விலையைப் பாதியாக்கி வீட்டுக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன். அவையெல்லாம் சொன்ன இடத்திலேயே முடிந்துபோயின. இது மட்டும் முடியவில்லை.

என் மகளுக்கு இன்சுலின் போடும் சீனி வருத்தம். பதினொரு வயதில் வந்தது, இப்போது அவளுக்கு இருபது. அவளுடைய மேல்கையில் இரண்டு டொலர் நாணயக் குற்றியளவில் ஒரு வட்டம் ஒட்டியிருக்கும். இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று அது ஐந்து நிமிடத்துக்கொரு தடவை அவளுடைய போனுக்குச் சொல்லும். அவளுடைய போன் என்னுடைய போனுக்குச் சொல்லும். இந்த நாட்டுக் கணக்கில் நாலுக்கும் பத்துக்கும் இடையில் இலக்கம் நின்றால் நல்லது. நாலுக்குக் கீழே இறங்கினால் இரண்டு போன்களும் கத்தும். மூன்றுக்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், கதை குழறும். அதற்கும் கீழே போனால் நினைவு தப்பிவிடும். நித்திரையில் அப்படி நடந்தால் எழும்பாமலே போய்விடவும் கூடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சொன்ன தாதி என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

அந்த இலக்கத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒன்பது வருடம் ஓடியது. கோயிலில் கும்பிடும்போதும் ஒரு கண் போனில் இருக்கும். ஆறு என்றால் அம்மன் சிரிக்கிறாள் என்று படும். நாலரை என்றால் அம்மனையும் பிடிக்காது. மற்றத் தாய்மார் பிள்ளையின் போன் நின்றுவிட்டால் 'நல்லது, கொஞ்சம் படிக்கட்டும்' என்பார்கள். என் வீட்டில் அவளுடைய போன் நின்றால் அந்த வட்டம் பேசுவதைக் கேட்க ஆளில்லை, கத்துவதற்கும் ஆளில்லை. அவளுடைய உயிர் அந்தப் போனின் மின்சாரத்தில் தொங்குகிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருத்தத்தை நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. நாங்கள் என்றால் நான். வீட்டுக்காரருக்கு அதில் சம்மதமில்லை. 'களவெடுத்தனாங்களோ, ஒளிக்க?' என்று தொடக்கத்தில் கேட்டார். அவர் லொறி ஓட்டுகிறவர், கிழமையில் நாலு நாள் ரொறன்ரோப் பாதையில் நிற்பவர். வீட்டுச் சட்டம் போடுகிறவள் நான் என்றபடியால் பிறகு பேசாமல் விட்டுவிட்டார்.

இத்தனைக்கும் எங்கள் ஆட்களுக்குள் சீனி மறைக்கிற வருத்தமே இல்லை. கோயில் அன்னதானத்தில் வரிசையாக இருக்கும் ஆண்களைப் பார்க்க வேண்டும். 'எனக்குச் சீனி, பாயசம் வேண்டாம்' என்று ஒருவர் தொடங்குவார். பக்கத்தில் இருப்பவர் தன்னுடைய அளவு அதைவிடக் கூட என்பார். மூன்றாமவர் தான் போடும் குளிசைகளை எண்ணிச் சொல்வார். கடைசியில் மூன்று பேரும் பாயசம் குடித்துவிட்டுத்தான் எழும்புவார்கள். ஆனால் அதே வருத்தம் ஒரு பெண்பிள்ளைக்குச் சின்ன வயதில் வந்தால் கதை வேறு. 'ஊசி போடுற பிள்ளையாம்', 'பிள்ளை பெறுமோ தெரியாது', 'அந்தப் பரம்பரையிலை இருக்காம்' என்ற மூன்று வசனங்களும் கலியாணப் பேச்சில் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நானே ஒருகாலத்தில் இன்னொருத்தியின் மகளைப் பற்றி அதில் ஒன்றைச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் எனக்கு அவ்வளவு பயம்.

நான் வேலை செய்வது மொன்றியலின் மேற்கே கர்க்லாண்டில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஒரு கார்டெரியில். தாய் தகப்பன் வேலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. குசினியில் சமைப்பது நான். அங்கே அடுப்புக்கு நேரே சுவரில் பிள்ளைகளின் படங்கள் ஒட்டியிருக்கும். இந்தப் பிள்ளைக்குக் கச்சான் கடலை கொடுக்கக்கூடாது, இவனுக்கு மூச்சு இழுத்தால் நீலக் குழாய் மேல் தட்டில், இவளுக்கு வலிப்பு வந்தால் இப்படிச் செய்யவும். கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டே தினமும் அதை வாசிப்பேன். அந்தத் தாய்மாரை ஒருநாளும் நான் இளக்காரமாக நினைத்ததில்லை. கெட்டிக்காரிகள் என்றுதான் நினைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் என் மகளுக்கு மட்டும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பேன்.

போன வருடம் செப்டம்பரில் அவள் நகரத்துக்குள், கோட்-டெ-நெய்ஜில், இரண்டு அறை வீடொன்றில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனாள். பல்கலைக்கழகம் அங்கிருந்து நடை தூரம். கர்க்லாண்டிலிருந்து இரண்டு பஸ்சும் மெற்றோவும் எடுத்து ஒவ்வொரு நாளும் வந்துபோவது சரிவராது என்றாள். மற்ற அறைத் தோழி கியூபெக்கின் கஸ்பே பக்கத்து வெள்ளைப் பிள்ளை, பிரெஞ்சுக்காரி. சாமான் ஏற்றிக்கொண்டு போன அன்று அந்தப் பிள்ளை கீழே பெட்டி எடுக்கப் போன சமயம் பார்த்து நான் மகளிடம் சொன்னேன்.

"அவளுக்குச் சொல்லிப்போடாதை. இண்டைக்கு அவளுக்குத் தெரிஞ்சா நாளைக்குக் கம்பஸ் முழுக்கத் தெரியும். அங்கை எங்கடை பிள்ளையளும் படிக்குதுகள்."

"அவளுக்குத் தமிழே தெரியாது அம்மா."

"கதைக்குப் பாசை வேணுமோ? சொல்லாதை எண்டாச் சொல்லாதை."

அவள் 'ஓம்' என்றாள். அந்த 'ஓம்' நான் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக வந்தது. நானும் தோழியின் போன் நம்பரைக் கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டி வரும்.

நவம்பரில் அவளுடைய லப்டொப்போடு வந்த சார்ஜரின் வயர் கழுத்தடியில் பிய்ந்து செம்பு தெரிந்தது. அவள் அதில் ரேப் சுற்றிப் பாவித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த நாளில் நான் அதைக் கண்டு பறித்துக் குப்பையில் போட்டேன். 'நான் வாங்கித் தாறன், நீ ஒண்டும் வாங்காதை' என்றேன். அவள் வாங்கினால் மலிவாகப் பார்த்து வாங்குவாள். மலிவான சார்ஜர் வெடிக்கும் என்று நான் எங்கெங்கோ வாசித்திருந்தேன்.

போனுக்கும் லப்டொப்புக்கும் இப்போது ஒரே வாய்தான். யூ.எஸ்.பி. சி என்கிறார்கள். ஒரு சார்ஜர் இருந்தால் வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் போதும் என்பது விளம்பரம். வாய் ஒன்றென்றாலும் பசி வேறு. லப்டொப்புக்கு அறுபது வாட்ஸ் அளவில் வேண்டும், போனுக்கு இருபது போதும். ஒரு கிழமை முழுக்க வேலை முடிந்து வந்து இதைத்தான் படித்தேன். வாங்கியவர்கள் எழுதியிருப்பதில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை நான் வாசிப்பதே இல்லை. ஒரு நட்சத்திரக்காரர்களைத்தான் தேடிப்போவேன். 'தொட முடியாத சூடு', 'பிளாஸ்டிக் மணம் வந்தது', 'மெத்தை கருகிவிட்டது'. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்குச் சார்ஜரெல்லாம் கொள்ளிக்கட்டை. அவள் இருக்கும் கட்டடம் பழசு, நிலமெல்லாம் பலகை. கடைசியில் இணையத்தில் வாங்கப் பயந்து, கையில் தூக்கிப் பாரம் பார்த்து, பின்பக்கத்தில் கனடாப் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று கண்ணால் கண்டு வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

கடை ஒரு தமிழ்க் கடை. முன்னால் போனும் போன் சாமான்களும், பின் மூலையில் அப்பளமும் ஊறுகாயும். கடைக்காரர் சென்னைப் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும், இங்கே வந்து எஞ்சினியர் வேலைக்கு அலைந்துவிட்டுக் கடை போட்டவர். நான் போனபோது கோயிலில் பழக்கமான ஓர் அக்கா உடைந்த போன் திரையைத் திருத்தக் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். மொன்றியலில் எந்தப் பிள்ளை என்ன படிக்கிறது, எந்தப் பெடியனுக்கு எவ்வளவு சம்பளம் என்பது அவருக்கு விரல்நுனி. அவரைக் கண்டதும் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார்.

"லேப்டாப்புக்கா, போனுக்கா ஆன்ட்டி?"

"ரெண்டுக்கும். மகளுக்கு."

"ரெண்டையும் ஒரே நேரத்துல போடுவாங்களா? அப்படின்னா ஒண்ணு சொல்லுங்க. எது நிக்கவே கூடாது? லேப்டாப்பா, போனா?"

ஒன்பது வருடத்தில் ஒருவரும் என்னிடம் அவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டதில்லை. எது நிற்கக் கூடாது. நான் வாயைத் திறந்தேன்.

"ஏன் கேக்குறேன்னா," என்று அவர் ஒரு பெட்டியைத் தட்டினார், "இதுல ஒரே சார்ஜர்ல ரெண்டு போர்ட். மேல போடுறதத்தான் முதல்ல கவனிக்கும். லேப்டாப் எடுத்தது போக மிச்சம்தான் கீழ வரும். ரொம்ப சூடாச்சுன்னா கீழ் போர்ட்ட அதுவே கட் பண்ணிடும், சேஃப்டிக்கு. போன்தான் முக்கியம்னா இது வேணாம். லேப்டாப்புக்கு ஒண்ணு, போனுக்குத் தனியா சின்னதா ஒண்ணு, ரெண்டா வாங்கிக்கோங்க."

கதிரையில் இருந்த அக்கா சிரித்தார். "உந்தப் பிள்ளையளின்ரை போன் நிண்டாத்தான் தம்பி படிப்பு ஓடும். என்ன தங்கச்சி, மகளுக்கு இந்த வருசத்தோடை முடியுதே? எங்கடை அண்ணையின்ரை மகன் ரொறன்ரோவிலை நிக்கிறான். நல்ல பிள்ளை, ஒரு பழக்கமும் இல்லை. போன் ஏன் அவ்வளவு முக்கியம், ஆரோடையும் கதைக்கிறாளோ?"

பகிடிக்குத்தான் கேட்டார். ஆனால் அவருடைய கண் என் முகத்தில் இருந்தது. போன் நிற்கக் கூடாது என்று சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். காதல் என்று நினைப்பார், அல்லது வருத்தம் என்று கண்டுபிடிப்பார். இரண்டில் எது பெரிய ஆபத்து என்று எனக்கு அந்த நேரத்தில் நிதானிக்க முடியவில்லை.

"லப்டொப்தான் முக்கியம் தம்பி," என்றேன். "போனுக்கு மிச்சம் போதும்."

அவர் அந்தப் பெட்டியையே பையில் போட்டுத் தந்தார். பாரமாக, நல்ல வேலைப்பாடாக இருந்தது. முத்திரையும் இருந்தது. பஸ்சில் வரும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல சாமான்தானே, இதில் என்ன குறை என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். சாமானில் உண்மையாகவே ஒரு குறையும் இல்லை. கேட்டதைத்தான் அவர் தந்தார்.

மகளிடம் கொடுத்தபோது மேலே லப்டொப், கீழே போன், சூடாக விடாதை என்று சொன்னேன். சூடானால் கீழ்ப்பக்கம் தானாக நின்றுவிடும் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால், பிறகேன் அம்மா இதை வாங்கினீங்கள் என்று கேட்பாள். திரும்பப் போய்ப் போனுக்குத் தனியாக ஒன்று வாங்குவோம் என்று இரண்டு தடவை வெளிக்கிட்டேன். ஒருநாள் பனி கொட்டியது. மற்ற நாள் கடைவாசலில் அந்த அக்காவின் காரைக் கண்டு திரும்பிவிட்டேன்.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பயம் கொஞ்சம் களைத்துப்போய் இருந்த நேரத்தில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

காலை எட்டுப் பத்து. எனக்கு வேலையில்லை. தோசைக்கல்லைக் காயவைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன். இலக்கம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள் இருந்தன. கடைசியாக வந்த இலக்கம் நாலு தசம் ஆறு, பக்கத்தில் அம்புக்குறி கீழ்நோக்கி. அதற்குப் பிறகு இருபது நிமிடமாக ஒன்றும் இல்லை.

கோடுகள் முன்பும் வந்திருக்கின்றன. பரீட்சை மண்டபத்தில் போனை நிறுத்தி வைத்தபோது வந்தது, ஒரு தடவை வட்டம் கழன்று விழுந்தபோது வந்தது. ஆனால் அப்போதெல்லாம் அம்புக்குறி நேராக இருந்தது. நான் அவளுக்குப் போன் அடித்தேன். மணியே போகவில்லை, நேராகக் குரல் பெட்டிக்குப் போனது. 'பொன்ஜூர்' என்று அவளுடைய சிரித்த குரல் வந்தது. பதினொரு தடவை அடித்தேன். பதினொரு தடவையும் அதே சிரிப்பு. கடைசியில் அந்தக் குரல் முடியமுதலே போனைக் காதிலிருந்து எடுத்தேன். இனி இந்தக் குரல் மட்டும்தான் மிஞ்சுமோ என்ற நினைப்பு வந்துவிட்டது. வந்த நினைப்பைத் திருப்பி அனுப்ப முடியவில்லை.

கீழ்ப்பக்கம் நின்றுவிட்டது. எனக்கு அது உடனே தெரிந்துவிட்டது. வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

வீட்டுக்காரருக்கு அடித்தேன். அவர் லொறியோடு கிங்ஸ்டன் தாண்டி நின்றார்.

"உடனை ஆம்புலன்சுக்கு அடியும்," என்றார். "நான் ஒன்ராறியோவிலை நிக்கிறன். இங்கையிருந்து அடிச்சா இங்கத்தை ஆக்கள்தான் எடுப்பினம். நீர் அடியும். அட்ரஸைச் சொல்லும்."

"பொறுங்கோப்பா. போன் மட்டும் நிண்டிருக்கும். நான் போய்ப் பாக்கிறன்."

"போய்ப் பாக்கிறதோ? எவ்வளவு நேரம்? உமக்கு என்ன விசரோ?"

நான் வைத்துவிட்டேன். ஒன்பது, ஒன்று, ஒன்று என்று இலக்கத்தைத் தட்டினேன். பச்சைப் பொத்தானின் மேல் விரல் நின்றது. இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அந்தக் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தால் வாசலில் சனம் கூடும். கட்டிலில் வைத்து இறக்குவார்கள், சீனி என்று சத்தமாகச் சொல்வார்கள். பிள்ளை சும்மா நித்திரை கொண்டிருந்தால்? போன் மட்டும் நின்றிருந்தால்? ஒன்பது வருடம் காத்தது ஒரு நிமிடத்தில் போய்விடும். அந்தப் பொத்தானுக்கு மேலே என் விரல் இதையெல்லாம் யோசித்தது. பிறகு அந்த இலக்கத்தை அழித்துவிட்டு டாக்சிக்கு அடித்தேன்.

டாக்சி வரப் பதினைந்து நிமிடம் எடுத்தது. அந்தப் பதினைந்து நிமிடமும் நான் வாசலில் ஒரு கால் சப்பாத்தோடும் ஒரு கால் வெறுங்காலோடும் நின்றேன். மற்றச் சப்பாத்து கண்ணுக்கு முன்னாலேயே கிடந்தது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பது இதுதான். தோசைக்கல்லை அணைத்தேனா என்று நினைவில்லை. வீடு எரிந்தால் எரியட்டும் என்று வெளிக்கிட்டேன்.

நெடுஞ்சாலையில் பனி அள்ளும் வாகனம் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதை ஒருவரும் முந்த முடியாது. மஞ்சள் விளக்கு சுழன்று சுழன்று போக, நாங்கள் எல்லோரும் செத்தவீட்டு ஊர்வலம் மாதிரிப் பின்னால் ஊர்ந்தோம். அந்த எண்ணம் வந்ததற்கு என் வாயிலேயே நான் அடித்துக்கொண்டேன். சாரதி ஹெயிட்டிக்காரர், வயதானவர். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர், 'ஏதாவது அவசரமா அம்மா? ஆஸ்பத்திரிக்கா?' என்று பிரெஞ்சில் கேட்டார்.

'இல்லை. மகளைப் பார்க்கப் போகிறேன்' என்றேன்.

அறிமுகமே இல்லாத மனிதர். தமிழ் தெரியாது, கோயிலுக்கு வரமாட்டார், என் மகளுக்கு மாப்பிள்ளை பேசமாட்டார். அவருக்குக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. பழக்கம் அவ்வளவு தூரம் ஊறிவிட்டது. அப்போதுதான் எனக்கு என்னைப் பற்றியே பயம் வந்தது.

போனைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். கோடுகள்தான். அம்புக்குறியும் போய்விட்டது. 'அம்மாளாச்சி, மூன்று என்றாலும் காட்டு, இரண்டு என்றாலும் காட்டு, ஏதாவது ஒன்றைக் காட்டு' என்று வேண்டினேன். இரண்டு என்று வந்தால் நான் செத்தே போவேன். ஆனாலும் கோடுகளைவிட அது பரவாயில்லை என்று அப்போது பட்டது.

போய் இறங்கும்போது ஒன்பதே முக்கால். வாசலில் ஆம்புலன்ஸ் இல்லை, சனம் இல்லை. மணியை அழுத்திக்கொண்டே நின்றேன். 'ஊய்?' என்று வாசல் சுவர்ப் பெட்டிக்குள்ளிருந்து தோழியின் குரல் வந்தது. தாய் என்று சொன்னேன். பிறகு கதவு திறந்துகொண்டது. மூன்று மாடிப் படியையும் எப்படி ஏறினேன் என்று தெரியாது.

அந்தப் பிள்ளை கதவை அரைவாசி திறந்து, அந்த இடைவெளியில் நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"பொன்ஜூர் மடாம். அவளுக்குக் கொஞ்சம் வயிற்றுக்குத்து. பெரிதாக ஒன்றும் இல்லை, படுத்திருக்கிறாள்."

நான் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மகள் கட்டிலில் சுவரோடு சாய்ந்து, போர்வையால் சுற்றிக்கொண்டு, கையில் பாதி கடித்த பாண் துண்டோடு இருந்தாள். முகம் சுண்ணாம்புபோல் இருந்தது. தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. ஆனால் கண் என்னைப் பார்த்தது. நான் நிலத்தில் இருந்துவிட்டேன்.

இருந்த இடத்திலிருந்துதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. கட்டிலடியில் அப்பிள் சாறுப் பெட்டிகள் மூன்று கசங்கிக் கிடந்தன. விரலில் குத்திப் பார்க்கும் கருவி தோழியின் சட்டைப் பைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தது. நினைவு தப்பினால் மூக்குக்குள் அடிக்கும் மருந்து, மூடி திறந்தபடி, பாவிக்காமல் மேசையில் இருந்தது. அந்த மருந்தை மகள் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒளிக்கச் சொன்னவளும் நான்தான். வயிற்றுக்குத்துக்கு இதெல்லாம் வேண்டியதில்லை.

எனக்கு முன்னால் அந்தப் பிள்ளை என் மகளின் வருத்தத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். நான் செய்கிற வேலையை எனக்கே செய்து காட்டினாள். நான் எழும்பி, என் வாயால், அவளுக்குக் கேட்க, முதல்முறையாகச் சொன்னேன்: "அவளுக்கு டியாபெட் இருக்கிறது."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் பாண் துண்டைப் பார்த்தாள்.

"தெரியும் மடாம்," என்றாள் தோழி. "எனக்குத் தெரியும் என்பதை உங்களுக்குக் காட்டக்கூடாது என்று சொல்லியிருந்தாள்."

பிறகு அவளே சொன்னாள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். காலையில் எழும்பியதும் மகள் அந்தச் சுவரில் இரண்டு தரம் தட்டுவாள். எட்டரை மணிக்கும் தட்டாவிட்டால் தோழி உள்ளே வந்து பார்க்க வேண்டும். அது அவர்களுடைய ஏற்பாடு. அன்றைக்குத் தட்டல் கேட்கவில்லை. வந்து பார்த்தபோது மகள் கண் திறந்தபடி, தலையணை நனைய வியர்த்து, ஏதோ உளறிக்கொண்டிருந்தாள்.

"உங்கள் மொழியில் கதைத்தாள் மடாம். என்னோடு அவள் அந்த மொழியில் கதைத்ததே இல்லை. குத்திப் பார்த்தேன், இரண்டு தசம் ஒன்று இருந்தது. சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினேன். விழுங்கியபடியால் மூக்கு மருந்து தேவைப்படவில்லை. விழுங்காவிட்டால் மருந்தை அடித்துவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டிருப்பேன்."

இருபது வயதுப் பிள்ளை. அவளும் பயந்துதான் இருந்தாள். பயந்துகொண்டே செய்யவேண்டியதைச் செய்திருக்கிறாள். நான் அவளுடைய இரண்டு கையையும் பிடித்தேன்.

மகள் மெல்ல மெல்ல மிச்சத்தைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் இருவரும் பனியில் சறுக்கப் போயிருக்கிறார்கள். அந்த ஓட்டமும் ஆட்டமும்தான் விடியச் சீனியை இறக்கியிருக்கிறது. வந்து கட்டிலில் இருந்தபடி கட்டுரை எழுதினாளாம். மேலே லப்டொப், கீழே போன். சார்ஜர் எப்போதோ போர்வைக்குள் போய்விட்டது. நான் போர்வையைத் தூக்கி அதை எடுத்தேன். லப்டொப் இன்னும் அதில்தான் இருந்தது. கொஞ்சநேரம் கையில் வைத்திருக்க முடியாத சூடு. லப்டொப் நூறு வீதம் ஏறியிருந்தது. போன் செத்துக் கிடந்தது, அந்தப் பரபரப்பில் அதை வேறு இடத்தில் செருக இருவருக்கும் தோன்றவில்லை. மகளுக்கு என் நம்பர் பாடமில்லை, எல்லாம் அந்தப் போனுக்குள்தான்.

தோழி தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள். எங்களைத் தனியே விடத்தான் போனாள் என்று விளங்கியது. நான் கட்டில் விளிம்பில் இருந்து மகளின் நெற்றியைத் துடைத்தேன். கடையில் நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் கேட்டது, அக்கா சிரித்தது, நான் சொன்ன பதில், எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தனை மணிக்கு அம்மா நம்பர் நிண்டது?"

"எட்டுப் பத்துக்குக் கண்டனான். அதுக்கும் முதலே நிண்டிட்டுது."

அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பத்து ஆகப்போகிறது. அவள் மனதுக்குள் கணக்குப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

"ஆம்புலன்சுக்கு அடிக்கேல்லையே?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கத்தித் தப்பியிருப்பேன். லைன் கிடைக்கவில்லை, வீட்டு இலக்கம் மறந்துவிட்டது, அப்பா போன் அடிப்பார் என்று நினைத்தேன் என்று அடுத்தடுத்து மூன்று பொய் வாய்க்கு வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"இல்லைப் பிள்ளை. சனம் பாக்கும் எண்டு பயந்திட்டன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய விரல் இன்னும் குளிர்ந்துதான் இருந்தது.

"எனக்குத் தெரியும் அம்மா," என்றாள். "அதாலைதான் வந்த முதல் நாளே அவளுக்குச் சொன்னனான்."